சளி, இருமல் நோய்கள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுமா? வீட்டில் தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டுமா?

சில பரவும், சில பரவாது. ஆஸ்துமா பரவாது. பல வருடம் பீடி குடித்தவருக்கும் விறகடுப்புப் புகையில் சமைத்தவருக்கும் வரும் நாள்பட்ட மூச்சிரைப்பு பரவாது. கல்குவாரித் தூசியால் வரும் சிலிக்கோசிஸும் அப்படியே. ஃப்ளூ பரவும், அதுவும் காய்ச்சல் தெரிவதற்கு முந்தைய நாளிலிருந்தே. தட்டம்மைக் கிருமி, நோயாளி எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் இருக்கும். ஆனால் தட்டு, டம்ளர் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாருக்கோ டி.பி. (காசநோய்) என்று சொல்லியிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

தட்டைப் பிரிக்க வேண்டாம். பாத்திரம், துணி, கைகுலுக்கல், பொதுக் கழிவறை எதனாலும் டி.பி. தொற்றாது. இருமும்போது தெறிக்கும் திவலையில் ஈரம் காய்ந்து, கிருமியோடு 5 மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு) சிறிய துகள் மிஞ்சும். அது மணிக்கணக்கில் மிதக்கும். அவ்வளவு பொடியாக இருப்பதால்தான் நுரையீரலின் அடிவரை போகிறது. டம்ளரைத் தனியாக வைத்துவிட்டு, கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி, எல்லோரும் ஒரே அறையில் படுக்கிறோமே, அதுதான் தப்பு. "எச்சில் துப்பாதீர்" போர்டுகளுக்கும் இதில் பங்கு உண்டு. துப்பக் கூடாதுதான், மறுக்கவில்லை. ஆனால் தரையில் கிடக்கும் எச்சிலைப் பார்த்துப் பயந்தவர், மூடிய அறையின் காற்றைப் பற்றி யோசிப்பதே இல்லை.

செய்ய வேண்டியது இது. எதிரெதிர் ஜன்னல் அல்லது கதவு இரண்டைத் திறந்து வையுங்கள். அறைக் காற்று மணிக்கு 12 முறை மாறினால், மிதக்கும் துகளில் 99 சதவீதம் 23 நிமிடத்தில் போய்விடும். 6 முறைதான் மாறுகிறது என்றால் 46 நிமிடம் ஆகும். டேபிள் ஃபேன் இருந்தால் நோயாளிக்குப் பின்னால் வைத்து, காற்று அவரைத் தாண்டி ஜன்னல் வழியே வெளியே போகும்படி திருப்புங்கள். ஸ்பிளிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி விடும். அந்த அறையில் வேண்டாம். முதல் சில வாரங்கள் நோயாளி சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் போட்டால் போதும். கிருமி வெளியே வரும் இடத்திலேயே தடுப்பது சுலபம். பக்கத்தில் இருந்து கவனிப்பவர் போட்டுக்கொள்வதானால் அது என்95 ஆக இருக்கட்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று கசியும்.

நெறிகட்டி டி.பி., முதுகெலும்பு டி.பி. என்றால் இந்த ஏற்பாடு எதுவும் தேவையில்லை, நுரையீரலிலும் இல்லை என்று பார்த்து உறுதி செய்தபின்.

சளி பரிசோதனையில் பலர் கோட்டை விடுகிறார்கள். புட்டியில் உமிழ்நீரைத் துப்பிக் கொடுத்தால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமிக் கெட்டியாக 2 மில்லியாவது எடுக்க வேண்டும். காலையில் எழுந்ததும் வரும் சளி நல்லது. மொட்டை மாடியில் எடுங்கள், பாத்ரூமுக்குள் வேண்டாம். ட்ரூநாட் போன்ற சோதனையில் கிருமி, டி.பி.யின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்பதும் தெரிந்துவிடும்.

கட்டுப்படும் கிருமி என்றால், மாத்திரையை ஒழுங்காகத் தொடங்கிய 2 வாரத்துக்குள் பரவும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். முழுச் சிகிச்சை 6 மாதம். இருமல் நின்றதும் நிறுத்தக் கூடாது. "வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்கிறாயே, பொறுப்பில்லையா" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம் இதைத்தான் சோதித்தது. 193 நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் வீட்டிலும் மற்றவர்கள் சானடோரியத்திலும் (டி.பி. மருத்துவமனை) இருந்து ஒரு வருடம் ஒரே மருந்தைச் சாப்பிட்டார்கள். குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே தொற்றிவிடுகிறது.

மருந்துக் கடைகள் மேல் எனக்குள்ள கோபமும் அதனால்தான். மூன்று வாரமாக இருமுகிறவருக்குச் சீட்டு இல்லாமலே லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுத்தனுப்புகிறார்கள். அது டி.பி. கிருமியையும் ஓரளவு அடக்கும். பத்து நாள் சுகம், சோதனை தள்ளிப்போகும், அதற்குள் வீட்டில் இன்னும் இருவர் அந்தக் காற்றைச் சுவாசித்திருப்பார்கள். மருந்துக்கு அசையாத டி.பி.க்குத் தேவைப்படும் மருந்து அது. அதை இப்படியா வீணடிப்பது?

எனவே வீட்டில் உள்ள எல்லோரையும் இந்த வாரமே அரசு டி.பி. மையத்துக்கு அழைத்துப் போங்கள். 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத்தான் அவசரம். பி.சி.ஜி. (டி.பி. தடுப்பூசி) போட்டிருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மாத்திரை தருவார்கள்: தினமும் ஐசோனியசிட் 6 மாதம், அல்லது வயதையும் எடையையும் பார்த்து, வாரம் ஒருமுறை ரிஃபாபென்டின் சேர்த்து 12 வாரம். நோய் இருப்பது தெரியாமல் இதை மட்டும் கொடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். சோதனை முதலில் வேண்டும் என்பது அதற்காக. ரிஃபாபென்டின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், ரத்தம் அல்ல. அதைப் பார்த்துப் பயந்தும், நன்றாக விளையாடும் பிள்ளைக்கு எதற்கு மாத்திரை என்றும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.