வகுப்பறை இல்லாத பல்கலைக்கழகம் – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். சென்னையின் பழைய கட்டடங்களைப் பற்றி நீங்கள் எழுதிவருவதை விடாமல் வாசிப்பவன் நான். சேப்பாக்கம் அரண்மனை பற்றிய கட்டுரையில், பக்கத்திலேயே இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். சற்று ஏமாற்றமாக இருந்தது.

சென்ற மாதம் ஒரு கண்காட்சியை ஒட்டி அதன் உள்ளே போக வாய்த்தது. அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டேன். ஆனால் விழாவோ கண்காட்சியோ இல்லாத நாட்களில் அவ்வளவு பெரிய கூடம் சும்மாதானே இருக்கிறது? அதைத் தடுத்து நாலைந்து வகுப்பறைகளாக ஆக்கினால் என்ன? ஒருகாலத்தில் வகுப்புகள் நடந்த இடம்தானே அது? இல்லை, அருங்காட்சியகமாகவாவது மாற்றலாமே?

இன்னொரு கேள்வி. உடன் வந்த நண்பர், “வெள்ளைக்காரன் நவாப் அரண்மனையைப் பார்த்துப் போட்ட நகல் இது. இதில் நமக்கு என்ன பெருமை?” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

செனட் ஹவுஸ் வகுப்பு நடத்துவதற்காகக் கட்டப்பட்டதல்ல. உங்கள் கேள்விகள் எல்லாம் இந்த இடத்தில்தான் வந்து முட்டுகின்றன. ஆகவே இங்கிருந்தே தொடங்குகிறேன்.

இன்று பல்கலைக்கழகம் என்றதும் துறைகள், பேராசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், விடுதிகள் என்றுதான் நம் மனதில் எழுகிறது. 1857இல் கல்கத்தாவிலும் பம்பாயிலும் சென்னையிலும் தொடங்கப்பட்டவை அப்படிப்பட்டவை அல்ல. 1854இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையின் வழியாக, அன்றைய லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாக வைத்து உருவாக்கப்பட்டவை. பாடம் நடத்துவது கல்லூரிகளின் பொறுப்பு. பாடத்திட்டம் வகுப்பது, தேர்வு வைப்பது, தேறியவர்களுக்குப் பட்டம் கொடுப்பது, இவ்வளவுதான் பல்கலைக்கழகத்தின் வேலை. 1857 செப்டம்பர் 5 அன்று சட்டப்படி பிறந்த சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கரும்பலகைகூடத் தேவைப்படவில்லை. அதன் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் என்று சொல்வதைவிட, அதன் தேர்வில் தேறியவர்கள் என்று சொல்வதே பொருத்தம்.

அந்தத் தேர்வு அன்று எத்தனை பெரிய விஷயம் என்பதை இப்போது கற்பனை செய்வது கடினம். தெலுங்கு மாவட்டங்கள், மலபார், மைசூர், திருவிதாங்கூர், கடல் தாண்டி யாழ்ப்பாணம் என்று எல்லாத் திசைகளிலிருந்தும் பையன்கள் இந்த ஒரே பல்கலைக்கழகத்தின் வினாத்தாளுக்காகப் படித்தார்கள். அரசு வேலைக்கு அதுவே வாசல். ‘பி.ஏ. ஃபெயில்’ என்று பெயருக்குப் பின்னால் பெருமையாகப் போட்டுக்கொண்டவர்களைப் பற்றிய கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பி.ஏ. வரை போனதே ஒரு தகுதிதான்! கணித மேதை ராமானுஜன் இந்தப் பல்கலைக்கழகத்தின் எஃப்.ஏ. தேர்வில், அதாவது பி.ஏ.வுக்கு முந்தைய படியில், தோற்றவர். கணக்கைத் தவிர வேறெதையும் திரும்பிப் பார்க்காதவரை அந்த முறையால் வேறென்ன செய்திருக்க முடியும்? ஆனால் அதே பல்கலைக்கழகம்தான் 1913இல், பட்டம் பெற்றவர்களுக்கென்று வைத்திருந்த ஆய்வு உதவித்தொகையை, பட்டமே இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாயாகக் கொடுத்தது. தேர்வு வைப்பதற்கென்றே பிறந்த ஓர் அமைப்பு தன் தேர்வு முடிவையே ஓரமாகத் தள்ளிவைத்த தருணம் அது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் இதுதான்.

இப்படிப்பட்ட அமைப்பு தனக்கென்று கட்டடம் கேட்டால் எதைக் கேட்கும்? பலரை ஒரே நேரத்தில் உட்கார வைக்க ஒரு கூடம். வருடத்துக்கு ஒருமுறை ஆளுநர் வேந்தர் அங்கியோடு வந்து பட்டம் வழங்க ஒரு கூடம். அதன் ஆட்சிப்பேரவையாகிய செனட் கூடிப் பேச ஒரு கூடம். மூன்றுக்கும் ஒரே கூடம் போதும். 1874இல் தொடங்கி 1879இல் முடிந்த செனட் ஹவுஸ் அடிப்படையில் அவ்வளவுதான். சுமார் 130 அடி நீளம், 58 அடி அகலம், 54 அடி உயரம் கொண்ட ஒரு பெருங்கூடம். 1600 பேர் அமரலாம். நாலு மூலையிலும் எழும் கோபுரங்கள், வளைவுத் தாழ்வாரங்கள், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் எல்லாமே இந்த ஒரு வெற்றிடத்தைச் சுற்றி எழுப்பியவை.

நீங்கள் ‘தடுக்கலாமே’ என்கிறீர்கள். அந்த 54 அடி உயரம் வெறும் ஆடம்பரம் இல்லை. மின்விசிறி வராத காலத்தில், சென்னை வெயிலில், கூட்டம் நிறைந்த அறைக்குள் சூடான காற்று மேலேறிப் போக இடம் வேண்டும். வெளியே ஓடும் தாழ்வாரம் வெயில் நேரே சுவரில் விழாமல் தடுக்கிறது. கூடத்துக்குக் குறுக்கே பலகைச் சுவர் எழுப்பி, பொய்க்கூரை போட்டு, ஏசி வைத்தால் கிடைப்பது நாலு சுமாரான வகுப்பறைகள். அதைவிட நல்ல வகுப்பறைகளைப் பத்து வருடத்துக்கு முன் கட்டிய எந்தப் பொறியியல் கல்லூரியிலும் பார்க்கலாம்.

அருங்காட்சியகம் என்ற யோசனைக்கும் எனக்குச் சம்மதமில்லை. பழைய கட்டடம் என்றால் கண்ணாடிப் பெட்டிகளை நிரப்பிவிடலாம் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்ததோ! சென்னையில் எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது, அது போதும்.

சும்மா இருக்கிறது என்று நீங்கள் வருந்துகிற கூடத்துக்கு வந்துபோனவர்கள் கொஞ்சமில்லை. 1907இல் தொடங்கிய பல்கலைக்கழக நூலகத்துக்கு நெடுநாள் சொந்த இடம் கிடையாது, எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில்தான் ஒண்டியிருந்தது. 1924இல் எஸ்.ஆர். ரங்கநாதன் அதன் நூலகரானார். 1928இல் நூலகம் செனட் ஹவுஸுக்கு வந்தது, 1936இல் பக்கத்திலேயே எழுந்த சொந்தக் கட்டடத்துக்குப் போனது. உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்கிற ஐந்து விதிகளை ரங்கநாதன் வெளியிட்டது 1931இல். அதாவது நூலகம் இந்தக் கட்டடத்தில் இருந்த காலத்தில்.

நூலகம் வெளியேறிய அடுத்த வருடமே, 1937இல், அரசியல் உள்ளே வந்தது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டப்படி தேர்தல் நடந்து, ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை அமைந்தது. முந்தைய சட்ட மேலவைக்காகக் கோட்டையில் இருந்த அவைக்கூடம் புதிய பேரவையின் 215 பேருக்குப் போதுமானதல்ல. 1937 ஜூலை 14 அன்று சென்னை மாகாணத்தின் முதல் சட்டமன்றப் பேரவை கூடியது செனட் ஹவுஸில். புலுசு சாம்பமூர்த்தி பேரவைத் தலைவர், ருக்மிணி லட்சுமிபதி துணைத் தலைவர். இரண்டு பேருமே சிறை சென்றவர்கள். பட்டமளிப்பு நாளில் ஆங்கில ஆளுநர் பேச, அங்கி போட்டவர்கள் கைதட்டிய கூடத்தில் கதர்ச் சட்டைகள் வந்து உட்கார்ந்தன. நீண்ட நாள் நீடிக்கவில்லை, அடுத்த வருடமே பேரவை இன்றைய ராஜாஜி மண்டபத்துக்கு இடம் மாறியது. இருந்தாலும் சுதந்திர தின உரைகளில் கோட்டையைக் குறிப்பிடுகிறவர்கள் இந்தக் கூடத்தை ஏன் மறந்துவிடுகிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

செனட் ஹவுஸின் வேலை குறைந்ததற்கான காரணம் வேறு. மைசூர் 1916இல் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. ஆந்திரம் 1926இல், அண்ணாமலை 1929இல், திருவிதாங்கூர் 1937இல். தேர்வெழுத வந்த பிள்ளைகள் தத்தம் ஊரிலேயே தேர்வெழுதினார்கள். இன்னொரு பக்கம் 1923ஆம் ஆண்டுச் சட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்தைப் பாடம் நடத்துகிற, ஆய்வு செய்கிற அமைப்பாகவும் மாற்றியது. துறைகள் பெருகின, அவற்றுக்குப் புதுக் கட்டடங்கள் வந்தன. பட்டமளிப்பு விழாவும் நூற்றாண்டு மண்டபத்துக்குப் போய்விட்டது. கூடம் மட்டும் மிச்சமாயிற்று. பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டை ஒட்டி 2006இல் நடந்த சீரமைப்பு வராமல் போயிருந்தால் இன்று நாம் இந்தக் கடிதங்களை எழுதிக்கொண்டிருக்க மாட்டோம். கடற்காற்றில் உப்பு உண்டு, சுண்ணாம்புக் காரை அதற்கு ஓரளவுக்குத்தான் தாங்கும்.

‘பயன்படுத்த வேண்டும்’ என்ற வாதம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்குக் கல்கத்தாவைப் பாருங்கள். அதே வருடம் பிறந்த பல்கலைக்கழகம். அங்கேயும் ஒரு செனட் ஹவுஸ் இருந்தது. வால்டர் கிரான்வில் வடிவமைத்து 1872இல் முடிந்தது, கிரேக்கக் கோயில் போலத் தூண் வரிசை வைத்த கட்டடம். 1960இல் அதை இடித்து அந்த இடத்தில் நூற்றாண்டுக் கட்டடத்தை எழுப்பினார்கள். இடம் வேண்டும், பழசு பயன்படவில்லை என்ற கணக்குதான். பம்பாய்க்காரர்கள் தங்கள் பட்டமளிப்பு மண்டபத்தையும் ராஜாபாய் கோபுரத்தையும் காப்பாற்றிக்கொண்டார்கள்.

அந்தப் பம்பாய்க் கட்டடங்களை வைத்தே உங்கள் நண்பருக்குப் பதில் சொல்லலாம். அவற்றை வடிவமைத்த கில்பர்ட் ஸ்காட் பம்பாய்க்கு வந்ததே இல்லை. லண்டனிலிருந்து வரைபடம் வந்தது, கல்கட்டி முடித்தார்கள். நகல் என்று சொல்வதானால் அதைச் சொல்லலாம். நம் செனட் ஹவுஸின் கதை வேறு.

அதை வடிவமைத்த ராபர்ட் சிஷோம் கல்கத்தாவிலிருந்து இங்கு வந்தது 1864இல் சென்னை அரசு அறிவித்த போட்டியில் வென்று. மாநிலக் கல்லூரியும் செனட் ஹவுஸும் அந்தப் போட்டியில் அடக்கம். 1870இல் திறக்கப்பட்ட மாநிலக் கல்லூரியைப் பாருங்கள், சுத்தமான இத்தாலியப் பாணி. ஒன்பது வருடம் கழித்து முடிந்த செனட் ஹவுஸைப் பாருங்கள், குவிமாடமும் வளைவும் பைசாந்தியத் தூண்களுமாக வேறொரு உலகம். கட்டியவர் ஒருவரே. நடுவில் அவருக்கு இரண்டு பெரிய வேலைகள் வந்தன. சேப்பாக்கம் அரண்மனையை அரசு அலுவலகமாக மாற்றுவது ஒன்று. அந்த அரண்மனையின் இரு பகுதிகளான கலஸ் மகாலையும் ஹுமாயூன் மகாலையும் இணைக்கும் கோபுரம் அவர் கட்டியது. ஆளுநர் நேப்பியரின் ஆணைப்படி மதுரை திருமலை நாயக்கர் மகாலைப் பழுதுபார்த்தது இன்னொன்று. நேப்பியருக்கு இந்தியாவில் கட்டுவதற்கு இந்தியப் பாணியே பொருத்தம் என்ற பிடிவாதம் இருந்தது. சிஷோம் அந்த இரண்டு இடங்களிலும் சாரத்தில் ஏறி, சுண்ணாம்புப் பூச்சைத் தொட்டுப் பார்த்து, கொத்தனார்களோடு வேலை செய்து கற்றவர். பிற்பாடு சென்னைக் கலைப்பள்ளியின் கண்காணிப்பாளராகவும் இருந்தார்.

ஆனால் நண்பர் சொல்வதில் ஓர் உண்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1855இல் கடைசி ஆற்காடு நவாப் வாரிசின்றி இறந்ததும் அந்தப் பட்டத்தையே ரத்து செய்தார்கள். கடனுக்காக அரண்மனை ஏலத்துக்கு வந்தது, அரசே வாங்கிக்கொண்டது. கூவத்திலிருந்து பைகிராஃப்ட்ஸ் சாலைவரை, பெல்ஸ் சாலையிலிருந்து கடற்கரைவரை பரந்திருந்த அந்த வளாகத்தில்தான் பல்கலைக்கழகம், கல்லூரி, கிரிக்கெட் மைதானம் எல்லாம் வந்தன. நவாபின் பதவியை ஒழித்தவர்கள் நவாபின் தலைப்பாகையை எடுத்துத் தாங்கள் கட்டிக்கொண்டது போலத்தான் இந்தக் குவிமாடங்கள். சிஷோமுக்கு அந்த நோக்கம் இருந்ததா என்பதல்ல, பணம் கொடுத்த அரசுக்கு அது வசதியாக இருந்தது.

அப்படியானால் பெருமைப்பட என்ன இருக்கிறது? என்னைக் கேட்டால், ஓர் இத்தாலியச் சுவைக்காரரைப் பத்து வருடத்தில் மாற்றிவிட்ட மதுரையும் சேப்பாக்கமும் இருக்கின்றன. மகாலின் வளைவுகளைப் பார்த்துவிட்டுப் பிறகு இங்கே வரும்படி நண்பரிடம் சொல்லுங்கள். வரிசை முக்கியம்.

கூடத்தை என்ன செய்யலாம் என்று கேட்டால், கூட்டம் கூட்டலாம் என்பேன். துறைகளின் ஆண்டுச் சொற்பொழிவுகள், பொதுமக்களும் வரக்கூடிய விவாதங்கள், ஆய்வேடு முடித்தவர்களைக் கௌரவிக்கும் சிறு விழாக்கள். மாதம் ஒன்று நடந்தாலும் போதும். ஒலிபெருக்கியை மட்டும் குறைத்து வைத்தால் நல்லது. அவ்வளவு உயரத்தில் எதிரொலி பேச்சாளரைத் தின்றுவிடும், நம் பேச்சாளர்களோ ஒலிபெருக்கி இல்லாமலே கத்தக்கூடியவர்கள்.

உங்கள் நண்பருக்குச் சண்டை போட்டே ஆக வேண்டும் என்றிருந்தால், வெளியே 1887இல் விசாகப்பட்டினத்து ஜமீன்தார் கஜபதி ராவ் பொன்விழாப் பரிசாகக் கொடுத்த விக்டோரியா மகாராணி சிலை இருக்கிறது. அதோடு போடட்டும். நானும் சேர்ந்துகொள்கிறேன்.

அன்புடன்.