பாத்தூர் மலையில் சூரிய உதயம்: அம்மாவும் ஏறலாமா?

கேள்வி: ஜூலையில் குடும்பத்தோடு பாலி போகிறோம். உபுதில் தங்குவோம். விடியும் முன் பாத்தூர் எரிமலை ஏறி சூரிய உதயம் பார்ப்பது, உச்சியில் பாலி முறைப்படி பூஜை என்று ஏஜென்ட் ஒரு பேக்கேஜ் சொல்கிறார். அம்மாவுக்கு 61 வயது, லேசான மூட்டுவலி. மகனுக்கு 13. எல்லாரும் ஏறலாமா? அந்தப் பூஜையில் நாமும் கலந்துகொள்ளலாமா?

பதில்: நீங்களும் மகனும் தாராளமாக ஏறலாம். அம்மா ஏற வேண்டாம். பாத்தூரின் உயரம் 1,717 மீட்டர்தான். அடிவாரத்து ஏரிக்கரையிலேயே ஆயிரம் மீட்டருக்கு மேல் நின்றுதான் நடக்கத் தொடங்குவீர்கள் என்பதால் ஏற்றம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் மேல்பகுதி முழுக்கச் சறுக்கும் எரிமலைச் சரளை. ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் முட்டி பதம் பார்க்கப்படும்.

அம்மாவுக்கு அதே காலையில் ஜீப் பயணம் பதிவு செய்யுங்கள். எதிரே உள்ள கிந்தாமணி என்ற ஊர்ப் பக்கத்து மேட்டில் நின்றால் பாத்தூர், ஏரி, பின்னால் ஆபாங், ஆகுங் மலைகள் என்று எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். உச்சியில் நிற்பவருக்குப் பாத்தூர் தெரியாது, அம்மாவுக்குத் தெரியும்!

உபுதிலிருந்து இரண்டு மணி வாக்கில் வண்டி வரும், நான்கு மணிக்கு நடை தொடங்கும், ஆறரை ஒட்டி உதயம். ஜூலையில் மழை குறைவு, ஆனால் உச்சியில் குளிர் நன்றாகவே உறைக்கும். வியர்வையோடு காற்றில் உட்கார வேண்டியிருக்கும், ஜாக்கெட் கட்டாயம். தலையில் மாட்டும் டார்ச், பிடிப்புள்ள ஷூ போதும். உள்ளூர் கைடு இல்லாமல் இங்கே ஏற விடமாட்டார்கள். இது கடைசியாக 2000-இல் வெடித்த, இன்னும் உயிரோடிருக்கும் எரிமலை. கிளம்பும் முன் எச்சரிக்கை நிலையைக் கைடிடம் கேட்டுவிடுங்கள். காலைச் சாப்பாடு ரொட்டி, வாழைப்பழம், எரிமலை ஆவியில் வெந்த முட்டை. சைவம் என்றால் முன்பே சொல்லுங்கள்.

சரி, பூஜைக்கு வருவோம். வழியில் கைடு சானாங் சாரி எனும் சிறு ஓலைத்தட்டை வைத்து ஊதுபத்தி ஏற்றுவார். அதில் கிழக்கே வெள்ளைப்பூ ஈஸ்வரனுக்கு, தெற்கே சிவப்பு பிரம்மாவுக்கு, மேற்கே மஞ்சள் மகாதேவனுக்கு, வடக்கே நீலமோ பச்சையோ விஷ்ணுவுக்கு. இரண்டு நிமிட வேலைதான், ஆனால் மெய்யான வேலை. அருகில் நின்று கைகூப்பினால் போதும். இதற்கு மேல் ‘உச்சியில் சிறப்புச் சடங்கு’ என்று தனிக்கட்டணம் கேட்டால் நான் கொடுக்க மாட்டேன்.

அந்தப் பணத்தையும் நேரத்தையும் இறங்கியபின் உலுன் டானு பாத்தூர் கோயிலுக்குக் கொடுங்கள்; அம்மாவும் அங்கேயே வந்து சேர்ந்துகொள்ளலாம். ஏரியின் தேவி டேவி டானுவுக்கு உரிய கோயில் அது. பாலியின் நெல்வயல்களுக்கு நீர் தருபவள் அவள் என்பதால், சுபாக் எனும் நீர்ப்பாசனச் சங்கங்களின் விவசாயிகள் காணிக்கையோடு வருவார்கள். முன்பு கோயிலும் ஊரும் மலையடிவாரத்தில் இருந்தன. 1926 வெடிப்பில் எரிமலைக் குழம்பு ஊரை மூடியது. மக்கள் மலையைச் சுற்றியுள்ள பெரிய எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு மேட்டுக்கு ஏறி, கோயிலையும் அங்கேயே மறுபடி கட்டினார்கள். மலை அழித்த பிறகும் அதன் கண்பார்வையிலேயே குடியிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

உள்ளே போக, இடுப்பில் காமென் துணியும் அதன் மேல் செலெண்டாங் கச்சையும் வேண்டும், ஆண்களுக்கும்தான். மாதவிடாய் நாட்களில் பெண்களும், துக்கத் தீட்டில் இருப்பவர்களும் போகக்கூடாது என்பது அங்கும் விதி. வழிபாட்டில் சேரச் சொன்னால் தயங்காதீர்கள். தரையில் உட்கார்ந்து, பூவைக் கூப்பிய விரல்நுனியில் பிடித்து நெற்றிக்கு மேல் உயர்த்துவார்கள். அப்புறம் தீர்த்தம்: வலக்கையை மேலே வைத்து வாங்கி, மூன்று முறை அருந்தி, முகத்தில் தடவிக்கொள்ள வேண்டும். கடைசியில் தரும் ஈர அரிசியை நெற்றியில் ஒட்டிக்கொள்ளலாம். வழிபடுபவர்களின் முன்னால் குறுக்கே நடக்காதீர்கள். பூசாரியைவிட உயரமான இடத்தில் நிற்காதீர்கள்.

மகன் ஆகுங் மலையும் ஏறலாமா என்று கேட்பான். 3,000 மீட்டருக்கு மேல், செங்குத்து, இரவு முழுக்க நடை. அதன் சரிவில் இருக்கும் பெசாக்கி கோயிலின் பெரிய திருவிழாக்களின்போது ஏறவும் விடமாட்டார்கள். முதல் பயணத்துக்குப் பாத்தூர் போதும்.