வெள்ளி டம்ளரும் பர்பனும்: வாசகர் கேள்வி-பதில்

(21 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும்)

கே: எங்கள் ஐயா மலாயாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர். அவர் வாங்கிவந்த கனமான கண்ணாடிக் குடுவையும் ஆறு கிளாஸும் சாமான் அறையில் கிடைத்தன. சுண்டினால் மணிபோல ஒலிக்கிறது. இதில் பர்பன் (அமெரிக்க விஸ்கி) ஊற்றி வைக்கலாமா?
(வாசகர், தேவகோட்டை)

ப: ஊற்றலாம், வைக்கக் கூடாது. கனமும் நீண்டு நிற்கும் ஒலியும் ஈயப் படிகக் கண்ணாடியின் அடையாளம். ஈயப் படிகம் எனப்படுவதில் காரீய ஆக்ஸைடு மட்டும் 24 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும். மது நாள்கணக்கில் நின்றால் காரீயம் அதில் இறங்கும். நிறத்திலும் ருசியிலும் எதுவும் தெரியாது. நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வெள்ளீயம், இது நஞ்சு.

விருந்தன்று மாலையில் ஊற்றுங்கள். மிச்சத்தை அன்றிரவே பாட்டிலுக்குத் திருப்பிவிடுங்கள். கிளாஸில் ஊற்றி உடனே குடிப்பதில் கவலையில்லை. ஆனால் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அதில் தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம்.

உள்ளே படிந்த கறைக்கு ஒரு கைப்பிடி பச்சரிசி, கால் குடுவை வெதுவெதுப்பான நீர், இரண்டு சொட்டு சோப்பு போட்டுச் சுழற்றுங்கள். கொதிநீர் பட்டால் விரிசல் விடும். மூடி இறுகியிருந்தால் கழுத்தைச் சுற்றி நல்லெண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்து, மறுநாள் வெந்நீரில் நனைத்த துணியைக் கழுத்தில் மட்டும் சுற்றித் திருகுங்கள்.

கே: அதே பெட்டியில் பல வருடமாகப் பிரிக்காத ஒரு விஸ்கி பாட்டிலும் இருந்தது. இப்போது அது இன்னும் முதிர்ந்திருக்குமா?

ப: இல்லை. முதிர்வதெல்லாம் மரப் பீப்பாயில்தான். 12 வருட விஸ்கி பாட்டிலில் 40 வருடம் கிடந்தாலும் 12 வருடம்தான். தக்கை மக்கியிருக்கும், மெதுவாகத் திருகுங்கள். உடைந்து உள்ளே விழுந்தால் மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டலாம். மட்டம் வெகுவாக இறங்கியிருந்தாலோ, மூடிமுத்திரை கலைந்திருந்தாலோ குடிக்க வேண்டாம். இனி வாங்கும் பாட்டில்களை நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்தால் தக்கையை மது அரித்துவிடும்.

கே: பர்பன் ஏன் இனிக்கிறது? சர்க்கரை சேர்க்கிறார்களா?
(வாசகி, பள்ளத்தூர்)

ப: சேர்க்க அனுமதியே இல்லை. அமெரிக்கச் சட்டப்படி தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்பக்கம் நெருப்பில் கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊற வேண்டும். கருக்கும்போது மரத்திலுள்ள சர்க்கரைகள் பாகாகக் கருகும், வனிலா மணமும் பிறக்கும். அந்த மணங்களைத்தான் நாக்கு இனிப்பு என்று எடுத்துக்கொள்கிறது. லேபிளில் 'ஸ்ட்ரெய்ட்' என்றிருந்தால் குறைந்தது 2 வருடம் ஊறியது. 'பாட்டில்டு இன் பாண்ட்' என்பது 1897-ல் வந்த சட்டம்: 4 வருடம், சரியாக 50 சதவீத ஆல்கஹால். ஐஸ் கரைந்தாலும் நீர்த்துப் போகாததால் கலவைகளுக்கு இதையே நான் முதலில் சொல்வேன்.

கே: ஓல்டு ஃபேஷன்ட் (பர்பன், சர்க்கரை, பிட்டர்ஸ் சேர்ந்த கலவை) கலந்தால் சர்க்கரை அடியிலேயே நிற்கிறது. பனங்கற்கண்டு போடலாமா?
(வாசகர், காரைக்குடி)

ப: போடலாம், பர்பனுக்கு வெள்ளைச் சர்க்கரையைவிட அது பொருத்தம். ஆனால் குளிர்ந்த மதுவில் எந்தச் சர்க்கரையும் எளிதில் கரையாது, பாகாக்கிக்கொள்ளுங்கள். 100 கிராம் பனங்கற்கண்டைத் தட்டி, 50 மில்லி நீரில் சிறு தீயில் கரையவிட்டு உடனே இறக்குங்கள். கம்பிப் பதம் வந்தால் கெட்டது: ஐஸில் பட்டதும் உறைந்து அடியில் ஒட்டும். நூலும் மண்ணும் இருக்கும், வடிகட்டுங்கள். ஃப்ரிட்ஜில் மூன்று வாரம் தாங்கும்.

பர்பன் 60 மில்லி, பாகு 7 மில்லி, அங்கோஸ்துரா பிட்டர்ஸ் (கசப்பான மூலிகைச் சாறு) இரண்டு உதறல். இருமல் மருந்தோடு வரும் அளவுமூடியே போதும், கண்ணளவு வேண்டாம். பெரிய ஐஸ் கட்டிகள் போட்டு 30 விநாடி கிளறுங்கள். சின்னக் கட்டிகளுக்கு மேற்பரப்பு அதிகம். சித்திரை வெயிலில் நீங்கள் கிளறி முடிப்பதற்குள் தண்ணீராகிவிடும். கடைசியில் ஆரஞ்சுத் தோலை, வெள்ளைச் சதை இல்லாமல் சீவி, கிளாஸின் மேலே பிழியுங்கள். எண்ணெய் தெறிப்பது வெளிச்சத்தில் தெரிய வேண்டும்.

சிலர் கல்பாசியையும் ஊறவைக்கிறார்கள். அது எண்ணெயில் பொரிந்தால்தான் மணம் விடும், இங்கே வீண். ஒரு அன்னாசிப்பூவைப் பாகு சூடாக இருக்கும்போது பத்து நிமிடம் போட்டு எடுத்தால் அழகாக வரும். மறந்து இரவு முழுக்க விட்டால் பிரியாணி வாசம்தான் மிஞ்சும்.

கே: சீர் வந்த வெள்ளி டம்ளர்கள் அலமாரியில் கிடக்கின்றன. கலவைகளுக்குப் பயன்படுத்தலாமா?
(வாசகி, கானாடுகாத்தான்)

ப: மின்ட் ஜூலெப்புக்கு (பர்பனும் புதினாவும் சேர்ந்த கலவை) அதைவிடச் சிறந்த பாத்திரம் கிடையாது. அமெரிக்காவின் கென்டக்கியிலும் அதை வெள்ளிக் குவளையில்தான் தருவது மரபு. ஜூலெப் என்ற பெயரே பாரசீகத்தின் 'குலாப்', அதாவது பன்னீர் என்ற சொல்லிலிருந்து போனது. உலோகங்களில் வெப்பத்தை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளி, அதனால் வெளிப்புறம் வெண்பனி பூக்கும்.

டம்ளரில் 8 புதினா இலை, 10 மில்லி பாகு. கரண்டிக் காம்பால் அழுத்தினால் போதும். நசுக்கினால் கசப்பு இறங்கும். 60 மில்லி பர்பன் (டம்ளர் சிறிதென்றால் 45). ஐஸைக் கெட்டித் துணியில் முடிந்து பூரிக்கட்டையால் அடியுங்கள். கரைந்த நீரைத் துணி உறிஞ்சிக்கொள்ளும், ஈர ஐஸ் போட்டால் பானம் சப்பென்றாகும். நிரப்பிக் கிளறி, மேலே இன்னும் குவித்து, உள்ளங்கையில் தட்டிய புதினாக் கொத்தைச் செருகுங்கள். விளிம்பைப் பிடித்துக் குடிக்க வேண்டும், உடலைப் பிடித்தால் பனி போய்விடும். நேர் மேலே ஃபேன் சுற்றினாலும் நிற்காது. வளவுத் தூண் ஓரமாக உட்காருங்கள்.

முட்டை வெள்ளைக்கரு சேரும் 'விஸ்கி சவர்' என்ற கலவையை மட்டும் வெள்ளியில் ஊற்றாதீர்கள். முட்டையிலுள்ள கந்தகம் கறுக்கடித்துவிடும்.

கே: மகனுக்கு 19 வயது. நான் கலப்பதைப் பார்த்துத் தானும் பழக ஆசைப்படுகிறான்.
(வாசகர், புதுவயல்)

ப: மது கூடாது, தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழ் சட்டமே இடம் தராது. கைப்பழக்கத்துக்கு மது தேவையுமில்லை. நன்னாரி சர்பத் 20 மில்லி, அப்போது பிழிந்த எலுமிச்சைச் சாறு 20 மில்லி, குளிர்ந்த நீர் 60 மில்லி. ஷேக்கரில் (குலுக்குவதற்கான மூடிக் குவளை) முக்கால்வாசி ஐஸ் போட்டு 12 விநாடி குலுக்கட்டும். மூடி திறக்கவில்லையென்றால் உள்ளே குளிர்ந்த காற்று சுருங்கி இழுக்கிறது என்று பொருள். முறுக்காமல், மூடியும் குவளையும் சேரும் இடத்தில் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டு. எலுமிச்சையை ஒட்டப் பிழியாமல் இருக்கவும் இதிலேயே பழகிவிடுவான். தோலின் கசப்பு நன்னாரியில் உடனே காட்டிக்கொடுக்கும்.