2038-ஐத் தாண்ட…

கேள்வி: 32 பிட் சாதனங்களில் ஓடும் எங்கள் லினக்ஸை 64 பிட் நேரத்துக்கு மாற்றுகிறோம். நேரத்தை நொடிகளாக வைக்கும் டைம்_டி வகையை அகலமாக்கி, மறுபடி கம்பைல் செய்தால் போதாதா?

பதில்: எல்லாவற்றையும் கம்பைல் செய்தால்தான் பாதிக் கிணறு தாண்டியதாகும். 1970 முதல் நொடிகளை எண்ணும் 32 பிட் எண் 2038 ஜனவரி 19, யுடிசி 03:14:07-க்கு நிரம்பி, அடுத்த நொடியே 1901-க்குத் தாவும். ஆனால் தொல்லை அந்த எண்ணைச் சுமக்கும் ஸ்ட்ரக்சர்களில், அதாவது பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்புகளில்தான். நொடியும் மைக்ரோநொடியும் சேர்ந்து 8 பைட்டாக இருந்தது 16 ஆகிறது. பழைய நிரல் 8 பைட் இடம் தர, புதிய லைப்ரரி 16 பைட் எழுதினால் பக்கத்து மாறிகள் அழியும். உடனே கிராஷ் ஆனால் அதிர்ஷ்டம், பெரும்பாலும் ஆகாது!

லினக்ஸின் மையமான கர்னல் 5.6, அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.34 அல்லது அவற்றுக்குப் பிந்தியவை வேண்டும். கம்பைலருக்கு டைம் பிட்ஸ் 64 என்ற அமைப்பை மட்டும் கொடுத்தால் கம்பைல் நின்றுவிடும். கோப்பு அளவுக்கான ஃபைல் ஆஃப்செட் பிட்ஸும் 64 ஆக வேண்டும். ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளம் 2014-இல் 5.5 பதிப்பில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றியது. உங்களுக்கும் அதுவே நல்லது.

பிறகு மதிப்புகளை அச்சிடும் பிரிண்ட்எஃப் வரிகளைத் தேடுங்கள். நேரத்தை 'லாங்' என்று அச்சிடும் வரி 4 பைட்டை மட்டும் எடுக்கும். மிச்ச 4 பைட்டை சொற்களை அச்சிடும் அடுத்த %எஸ் குறி முகவரியாக நினைத்துக்கொள்ளும். 'லாங் லாங்' ஆக மாற்றி அச்சிடுங்கள். கம்பைலர் எச்சரிக்கைகளை அணைத்து வைத்திருந்தால் இது கண்ணிலேயே படாது.

கேள்வி: 64 பிட் கணினிக்குக் கவலை இல்லையே?

பதில்: வட்டைப் பாருங்கள். இஎக்ஸ்டி4 கோப்பு முறையில், கோப்பின் விவரங்களை வைக்கும் ஐநோடு 128 பைட் என்றால் கோப்பு நேரம் 2038-ஓடு சரி; 256 பைட் என்றால் 2446 வரை தாங்கும்.