சிறிய குழுவுக்கு இடும் புள்ளடி வீணாகுமா?

கேள்வி: யாழ்ப்பாணம் பாசையூரில் வசிக்கிறேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கடற்றொழில்தான். இந்திய இழுவைமடிப் படகுகளைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்ற ஒரே கோரிக்கையோடு, எங்கள் பக்கத்தில் சிலர் அடுத்த நாடாளுமன்றத் தேர்தலில் சுயேச்சைக் குழுவாக நிற்கப் போவதாகச் சொல்கிறார்கள். மெல்பேர்ணில் இருக்கும் என் பெறாமகன், "முதலாவது விருப்பைச் சிறிய கட்சிக்கும் இரண்டாவதைப் பெரிய கட்சிக்கும் போடுங்கோ சின்னம்மா, சிறியது தோற்றாலும் வாக்கு மற்றதுக்குப் போய்ச் சேரும்" என்கிறான். குழுவுக்காக வீடு வீடாக வருபவரோ, "சின்னத்தில எங்களுக்குப் போடுங்கோ, விருப்பு வாக்கை உங்களுக்குப் பிடிச்ச பெரிய கட்சி ஆளுக்கே போடுங்கோ" என்கிறார். அப்படிப் போடலாமா ஐயா? போட்டால் வாக்கு வீணாகாதா?

பதில்: போட முடியாது. உங்கள் பெறாமகன் சொல்வது அவர் வாழும் நாட்டில் சரி. நமது இலங்கை நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பொருந்தாது. வீட்டுக்கு வந்தவர் சொன்னதோ எந்தத் தேர்தலிலும் சரியில்லை. அவர் அறியாமல் சொன்னாரா, அறிந்தே சொன்னாரா என்பதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

நாடாளுமன்றத் தேர்தலின் வாக்குச்சீட்டை ஒருமுறை மனத்தில் விரித்துப் பாருங்கள். மேலே கட்சிகளினதும் சுயேச்சைக் குழுக்களினதும் பெயர்கள், சின்னங்கள், புள்ளடி, அதாவது X அடையாளம், இடுவதற்கான கட்டங்கள் நிரையாக இருக்கும். சீட்டின் அடியில், விருப்பு வாக்கு இடுவதற்காக, வேட்பாளர் இலக்கங்கள் மட்டும் தனியாக அச்சிடப்பட்டிருக்கும். அந்த இலக்கங்களுக்குப் பக்கத்தில் யாருடைய பெயரும் இல்லை, எந்தக் கட்சியின் அடையாளமும் இல்லை. ஆகவே அடியில் 4 என்ற இலக்கத்துக்கு நீங்கள் இடும் புள்ளடி, மேலே எந்தச் சின்னத்துக்குப் புள்ளடியிட்டீர்களோ அந்தப் பட்டியலின் 4 ஆம் இலக்கத்தவருக்கே போய்ச் சேரும். பெரிய கட்சியில் 4 ஆம் இலக்கத்தில் நிற்பவரை நினைத்துக்கொண்டு நீங்கள் புள்ளடியிட்டாலும், எண்ணுபவர்கள் அதைச் சுயேச்சைக் குழுவின் 4 ஆம் இலக்கத்தவருக்கே குறித்துக்கொள்வார்கள். அவர் யாரென்றே உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம்.

1989 பொதுத் தேர்தலிலிருந்து நடைமுறையிலுள்ள இந்த விருப்பு வாக்கு, ஒரு பட்டியலுக்குள் யார் உள்ளே போவது என்பதைத் தீர்மானிப்பதற்கு மட்டுமே உரியது. அந்தப் பட்டியலுக்கு எத்தனை ஆசனம் என்பதைச் சின்னத்துக்கு இடப்பட்ட புள்ளடிகள் தீர்மானிக்கின்றன. ஒருவருக்கும் விருப்பு வாக்கு இடாமல் சின்னத்துக்கு மட்டும் புள்ளடியிட்டாலும் உங்கள் வாக்கு முழுமையான வாக்குத்தான். விரும்பினால் ஒருவருக்கோ இருவருக்கோ மூவருக்கோ இடலாம்.

மூன்றுக்கு மேல் இட்டால் என்ன ஆகும் என்று பலர் கேட்பதால் அதைச் சற்று விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். நான்கு இலக்கங்களுக்குப் புள்ளடியிட்டுவிட்டால் வாக்குச்சீட்டு முழுவதும் செல்லாமல் போய்விடும் என்று நம்முடைய ஊர்களில் ஒரு பயம் இருக்கிறது. அது தவறான பயம். சின்னத்துக்கு ஒரே ஒரு புள்ளடி சரியாக இருந்தால், கட்சிக்கோ குழுவுக்கோ உரிய வாக்கு எண்ணப்படும்; நான்கு விருப்பு வாக்குகளும் சேர்த்து ஒதுக்கப்படும், அவற்றில் முதல் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வது என்ற வழக்கம் இல்லை. இதற்கு மறுதலையானதுதான் ஆபத்தானது: சின்னத்துக்குப் புள்ளடியிடாமல் இலக்கங்களுக்கு மட்டும் இட்டால் சீட்டு முழுவதும் நிராகரிக்கப்படும். இரண்டு சின்னங்களுக்கு இட்டாலும் அதே முடிவுதான். இலக்கத்தில் செய்த பிழையை மன்னிக்கும் சட்டம் சின்னத்தில் செய்த பிழையை மன்னிப்பதில்லை என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்கெண்ணும் மேசையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மேல்பகுதி வெறுமையாக, அடியில் மூன்று இலக்கங்களுக்கு அழகாக, கோடு கட்டத்துக்கு வெளியே போகாமல் புள்ளடியிடப்பட்ட சீட்டுகளைக் கையில் எடுக்கும்போது நெஞ்சு பொறுப்பதில்லை. வரிசையில் நின்று, விரலில் மை பூசிக்கொண்டு, கவனமாகப் புள்ளடியிட்ட ஒருவருடைய வாக்கு அது. வேட்பாளர்கள் தங்கள் இலக்கத்தை மட்டும் பெரிதாக அச்சிட்ட துண்டுகளைக் கொடுத்து, "இலக்கத்தை மறக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போவதால் வரும் வினை இது. தம் சொந்தக் கட்சிக்காரரையே தோற்கடிக்க வேண்டிய போட்டியில் அவர்களுக்குச் சின்னம் இரண்டாம் பட்சமாகிவிடுகிறது. 2024 நொவெம்பர் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 32,767. வேண்டுமென்றே வெறுமையாக விட்டவையும் கிறுக்கப்பட்டவையும் அதில் உண்டு. என்றாலும், அதே தேர்தலில் 27,855 வாக்குகளோடு ஒரு குழு ஓர் ஆசனத்தைப் பெற்றது என்பதோடு அந்த எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள். வாக்காளருக்குப் புள்ளடியிடக் கற்றுக்கொடுப்பதைத் தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தொடங்கும் வழக்கத்தை நமது நிருவாகம் எப்போது கைவிடப் போகிறதோ தெரியவில்லை.

இனி, வாக்கு வீணாகுமா என்ற கேள்விக்கு வருவோம். அந்தக் கணக்கு யாழ்ப்பாணத்தில் எப்படி நடந்தது என்பதையே காட்டுகிறேன். 2024 இல் நமது மாவட்டத்துக்கு 6 ஆசனங்கள். 23 கட்சிகளும் 21 சுயேச்சைக் குழுக்களும், ஒவ்வொன்றும் 9 பேர் வீதம், 396 பேரை நிறுத்தின. செல்லுபடியான வாக்குகள் ஏறத்தாழ 3 இலட்சத்து 25 ஆயிரம். மாவட்டத்தில் 5 சதவீதத்துக்குக் குறைவாகப் பெற்றவர்கள் கணக்கிலிருந்தே நீக்கப்படுவார்கள். அன்றைக்கு அந்த வெட்டுப்புள்ளி 16 ஆயிரத்துச் சொச்சம். அதைத் தாண்டியவர்கள் ஆறு தரப்பினர் மட்டுமே. மீதி 38 தரப்பினரும் சேர்ந்து பெற்ற ஏறத்தாழ 85 ஆயிரம் வாக்குகள், முதலிடம் பெற்ற தேசிய மக்கள் சக்தியின் 80,830 வாக்குகளை விட அதிகமாக இருந்தும், எந்த ஆசனத்துக்கும் உதவாமல் போயின. அவை வேறு எவருக்கும் மாற்றப்படவுமில்லை.

வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் மட்டும் போதாது. முதலிடம் பெற்றவருக்கு ஒரு போனஸ் ஆசனம் போக, மீதி 5 ஆசனங்களால் ஆறு தரப்பினரின் வாக்குகளைப் பிரித்தால் ஓர் ஆசனத்துக்கு 48 ஆயிரம் வரும். அந்த அளவை எட்டியவர்கள் தேசிய மக்கள் சக்தியும் தமிழரசுக் கட்சியும் மட்டுமே. ஆளுக்கு ஒன்று கிடைத்தது. எஞ்சிய மூன்று ஆசனங்களும் மீதி வாக்கு யாரிடம் அதிகம் என்று பார்த்துக் கொடுக்கப்பட்டன. அப்படித்தான் 27,986 வாக்குகளோடு தமிழ்க் காங்கிரசும், 27,855 வாக்குகளோடு 17 ஆம் இலக்கச் சுயேச்சைக் குழுவும் உள்ளே போயின. 22,513 பெற்ற ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி வெளியே நின்றது. சாவகச்சேரி வைத்தியசாலை விவகாரத்தால் அறியப்பட்ட ஒரு வைத்தியரின் தலைமையில் நின்ற குழுதான் அந்த 17 ஆம் இலக்கக் குழு. ஆகவே ஒரு பிரச்சினையைப் பிடித்துக்கொண்டு வரும் சிறிய குழு வெல்லவே முடியாது என்று எவரும் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அதற்கு இருபதாயிரத்துக்கு மேல், பெரும்பாலும் இருபத்தைந்தாயிரத்தை ஒட்டிய வாக்குகள் தேவை. பாசையூரும் குருநகரும் நாவாந்துறையும் மட்டும் சேர்ந்தால் அது வராது. பருத்தித்துறை முதல் தீவுப்பகுதி வரையிலான கரையோரங்களும், இதே தேர்தல் மாவட்டத்துக்குள் வரும் கிளிநொச்சியின் கரையோரமும் ஒரே குழுவின் பின்னால் நிற்க வேண்டும். கடற்றொழிலாளர் சங்கங்களும் சமாசங்களும் இரண்டு மூன்று குழுக்களாகப் பிரிந்து நின்றால் உங்கள் வாக்கு அந்த 85 ஆயிரத்தோடுதான் சேரும்.

இங்கேதான் தரகர்களைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. சுயேச்சைக் குழுவுக்குக் கட்டுப்பணம் வேட்பாளர் ஒருவருக்கு 2,000 ரூபா. 9 பேருக்கு 18,000 ரூபா. இந்தச் சிறிய தொகைக்கு ஒரு குழுவின் பெயர் வாக்குச்சீட்டில் வந்துவிடும், வாக்கெடுப்பு நிலையங்களுக்கு முகவர்களை நியமிக்கும் உரிமையும் கிடைத்துவிடும். ஒரு பெரிய கட்சிக்குத் தன் எதிராளியின் கரையோர வாக்கு சில ஆயிரம் உடைந்தால் போதும் என்றால், அதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது. தொழிலாளர்களின் உண்மையான துயரத்தைக் கோரிக்கையாக எழுதி, சங்கத்துக்கு வந்து, "பெயரை மட்டும் தாருங்கோ, கட்டுப்பணத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்பவரை நான் பல தேர்தல்களில் கண்டிருக்கிறேன். கையெழுத்து வைத்தவர்களில் சிலருக்குத் தாங்கள் எந்தக் குழுவில், எந்த இலக்கத்தில் நிற்கிறோம் என்பதுகூடத் தெரியாது. வாக்கெடுப்பு முடிந்த பிறகு அந்த மனிதரைத் தேடினாலும் கிடைக்கமாட்டார்.

உங்கள் பகுதிக் குழு அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. நல்ல மனத்தோடு நிற்பவர்களாகவும் இருக்கலாம். கட்டுப்பணத்தை யார் கட்டுகிறார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். பட்டியலிலுள்ள 9 பேரில் எத்தனை பேர் கடலுக்குப் போகிறவர்கள், எந்தெந்தக் கரையைச் சேர்ந்தவர்கள் என்று கேளுங்கள். 9 பேரும் ஒரே ஊரவர் என்றால் வெல்வதற்கான கணக்கு அங்கே போடப்படவில்லை. விருப்பு வாக்கைப் பெரிய கட்சி ஆளுக்குப் போடச் சொன்னவரைப் பற்றி எனக்குச் சந்தேகம் வருவதும் இதனால்தான்: அவருக்குத் தேவை உங்கள் சின்னப் புள்ளடி மட்டும், பெரிய கட்சியை விட்டுப் போகிறோமே என்ற உங்கள் தயக்கத்தைப் போக்க ஒரு பொய்யான ஆறுதலைச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் பெறாமகன் சொல்லும் அவுஸ்திரேலிய முறையில், பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் வாக்காளர் எல்லா வேட்பாளருக்கும் 1, 2, 3 என்று வரிசை எழுத வேண்டும். கடைசியாக வருபவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்புக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். ஒற்றைக் கோரிக்கைக் கட்சிகளுக்கு அது பெரிய வரம். அங்கேயும் தரகர்கள் நுழையாமலில்லை. செனற் சபைக்குக் கட்சிகளே விருப்பு வரிசையை முன்கூட்டிப் பதிவுசெய்யலாம் என்றிருந்த காலத்தில், சிறிய கட்சிகளுக்கிடையே பேரம் பேசிக் கொடுப்பதைத் தொழிலாகவே செய்தார்கள். 2013 இல் விக்ரோறியாவில் மோட்டார் ஆர்வலர் கட்சி வெறும் 0.51 சதவீத முதல் விருப்பு வாக்கோடு ஒரு செனற் ஆசனத்தைப் பெற்றது. 2016 இல் அந்த விதியை மாற்றினார்கள். பிழையைக் கண்டு மூன்று ஆண்டுகளில் திருத்த அவர்களால் முடிந்திருக்கிறது.

உங்கள் பெறாமகன் சொல்வதற்கு ஓரளவு கிட்டிய முறை இங்கே ஜனாதிபதித் தேர்தலில் மட்டும் இருக்கிறது. அதில் நீங்கள் 1, 2, 3 என்று எழுதலாம். முதல் எண்ணிக்கையில் எவரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் நீக்கப்பட்டு, நீக்கப்பட்டவர்களுக்கு 1 எழுதியவர்களின் சீட்டில் அந்த இருவரில் ஒருவருக்கு 2 அல்லது 3 இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2024 செப்டெம்பரில்தான் இது முதன்முதலாக நடந்தது. அந்தத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு 116,688 வாக்குகளும் ரணில் விக்கிரமசிங்கவுக்கு 84,558 வாக்குகளும் கிடைத்தன, இருவரும் நீக்கப்பட்டவர்கள். நாடு முழுவதும் அப்படி நீக்கப்பட்டவர்களின் சீட்டுகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றில் பயன்படக்கூடிய அடுத்த விருப்பு இருந்தவை ஏறத்தாழ 2 இலட்சத்து 73 ஆயிரம் மட்டுமே. மற்றவர்கள் தங்களுக்குச் சட்டம் கொடுத்த இரண்டாவது வார்த்தையைச் சொல்லாமலே வந்துவிட்டார்கள். கொள்கைக்காக ஒருவருக்கு 1 எழுதிவிட்டு, வெல்லக்கூடியவர்களில் யார் பரவாயில்லை என்று நினைக்கிறீர்களோ அவருக்கு 2 எழுதுவதால் உங்கள் முதல் வாக்கு ஒரு துளியும் குறையாது. "ஒன்றோடு நிறுத்துங்கள்" என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். புள்ளடியையும் இலக்கங்களையும் ஒரே சீட்டில் கலக்கவும் வேண்டாம். இலக்கம் எழுதுவதென்றால் இலக்கம் மட்டும் எழுதுங்கள்.

உள்ளூராட்சித் தேர்தலில் விருப்பு வாக்கே கிடையாது. ஒரு புள்ளடி, அவ்வளவுதான். மாகாண சபையைப் பற்றி எழுதுவதற்கே மனம் கசக்கிறது. வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பர் 21 இல் தேர்தல் நடந்தது. அதன் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின்னர் தேர்தலே வைக்கப்படவில்லை. இழுவைமடித் தொழிலைத் தடைசெய்யும் திருத்தச் சட்டம் 2017 இலேயே நிறைவேறிவிட்டது. அதை நடைமுறைப்படுத்தும்படி கேட்க உங்கள் பக்கத்துக் குரல் ஒன்று வேண்டும் என்று நீங்கள் நினைப்பதில் எந்தத் தவறும் இல்லை. அந்தக் குரலை அனுப்பும் வழியைத்தான் இவ்வளவு குறுகலாக வைத்திருக்கிறார்கள்.

குழுவின் கணக்கு உங்களுக்குத் திருப்தியாக இருந்தால், வாக்களிக்கப் போகும்போது அதன் சின்னத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போங்கள். சுயேச்சைக் குழுவின் இலக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். பக்கத்துத் தேர்தல் மாவட்டமான வன்னியிலுள்ள அதே இலக்கக் குழு வேறு ஆட்களுடையது, முகநூலில் வரும் படங்களில் இரண்டும் கலந்து வரும். முதலில் சின்னத்துக்குப் புள்ளடியிட்டு, அதன் பிறகு அடியிலுள்ள இலக்கங்களுக்கு வாருங்கள். தவறிப்போய் வேறு இடத்தில் புள்ளடி விழுந்துவிட்டால் அதன் மேல் வெட்டித் திருத்த வேண்டாம். சீட்டைப் பெட்டியில் போடுவதற்கு முன்னர் நிலையப் பொறுப்பதிகாரியிடம் கொடுத்து, தவறுதலாகப் பழுதாகிவிட்டது என்று சொல்லி வேறொரு சீட்டைக் கேளுங்கள். அது உங்களுக்குச் சட்டத்தில் உள்ள வசதி, கூச்சப்பட வேண்டியதில்லை.