மேடையில் வானவில், தெருவில் கைது: யூரோவிஷன் பற்றிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கல்லூரி மாணவி ஒருவர்): யூரோவிஷன் ஒரு பாட்டுப் போட்டிதானே? அதைத் தன்பாலீர்ப்பாளர் உரிமையோடு ஏன் எப்போதும் சேர்த்தே பேசுகிறார்கள்?

பதில்: பாட்டுப் போட்டிதான் அம்மா. 1956இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகளோடு தொடங்கியது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் இதை நடத்துகிறது. ஐரோப்பாவின் தன்பாலீர்ப்பாளர்கள் பல ஆண்டுகளாக இதைத் தங்கள் சொந்தத் திருவிழாவாகவே கொண்டாடி வந்திருக்கிறார்கள். 1997இல் ஐஸ்லாந்தின் பால் ஆஸ்கர் தம் தன்பாலீர்ப்பை மறைக்காமல் மேடையேறினார். அடுத்த ஆண்டே இஸ்ரேலின் டானா இன்டர்நேஷனல் என்ற திருநங்கை வென்றார். இதோடு ஒரு வழக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள்: பொதுவாக, வென்ற நாடுதான் அடுத்த ஆண்டுப் போட்டியை நடத்தும். வென்றது பழமைப்பிடிப்புள்ள நாடாக இருந்தால், அந்த ரசிகர் கூட்டமும் உலகச் செய்தியாளர்களும் அந்நாட்டிலேயே வந்து இறங்குவார்கள். உரசல் தொடங்குவது அங்கேதான்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்): அப்படி உரசல் நிகழ்ந்த ஓர் ஆண்டை விளக்கமாகச் சொல்ல முடியுமா?

பதில்: 2009ஆம் ஆண்டு மாஸ்கோவைச் சொல்கிறேன் ஐயா. ரஷ்யாவில் 1993இலேயே தன்பாலீர்ப்பு குற்றம் என்ற நிலை நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் மாஸ்கோ மேயர் யூரி லுஷ்கோவ், 2006 முதல் ஒவ்வோர் ஆண்டும், தன்பாலீர்ப்பாளர்கள் உரிமை கோரி நடத்தும் வானவில் பேரணிக்கு அனுமதி மறுத்து வந்தார். அது சாத்தானின் செயல் என்று வெளிப்படையாகவே பேசினார். நிக்கொலாய் அலெக்செயேவ் என்ற செயற்பாட்டாளரும் அவருடைய தோழர்களும், இறுதிப் போட்டி நடக்கவிருந்த மே 16ஆம் தேதியன்றே பேரணி நடத்துவோம் என்று அறிவித்தார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருக்கும் நாளில் போலீசார் அடிக்கத் தயங்குவார்கள் என்பது அவர்களுடைய கணக்கு.

அந்தக் கணக்கு பலிக்கவில்லை. மாஸ்கோ பல்கலைக்கழகத்தை ஒட்டிய மேட்டில், நகரம் முழுவதும் கீழே விரிந்து தெரியும் இடம் ஒன்று உண்டு. புதுமணத் தம்பதியர் படம் எடுத்துக்கொள்ள வருகின்ற இடம் அது. அலெக்செயேவ், வெள்ளை மணப்பெண் உடை அணிந்த ஒருவரோடு அங்கே வந்து நின்றார். கூடியிருந்தவர்கள் சில பத்துப் பேர்தான். முழக்கம் எழுந்த சில நிமிடங்களுக்குள் கலகத் தடுப்புப் போலீசார் அவர்களை இழுத்துச் சென்று வண்டியில் ஏற்றினார்கள். பிரிட்டனிலிருந்து ஆதரவு தெரிவிக்க வந்திருந்த பீட்டர் டாட்செலும் அவர்களில் ஒருவர். அன்று இரவு, அதே நகரின் ஒலிம்பிக் அரங்கில், பல்லாயிரம் விளக்குகளின் கீழே போட்டி ஒரு குறையுமின்றி நடந்தது. வென்ற நார்வே இளைஞர் அலெக்சாண்டர் ரீபாக், உலகின் மிகப் பெரிய வானவில் பேரணி இந்த அரங்கிலேயே நடந்திருக்கும்போது வெளியே சிலரைத் தடுக்க இவ்வளவு ஆற்றலைச் செலவிட்டது ஏன் என்ற பொருளில் கேட்டார். அது நியாயமான கேள்வி. ஆனால் போட்டியில் பாடிய பெரும்பாலானவர்கள் அன்று வாய் திறக்கவில்லை என்பது என்னை இன்றும் வருத்துகிறது.

கேள்வி (சட்டம் பயிலும் இளைஞர்): அப்படியானால் போட்டியால் அவர்களுக்குப் பயனே இல்லையா? நீதிமன்றம் சென்றார்களா?

பதில்: சென்றார்கள், வென்றார்கள். பேரணிகளுக்கு விதிக்கப்பட்ட தடைகளை எதிர்த்து அலெக்செயேவ் தொடுத்த வழக்கில், ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், ரஷ்யா ஒன்றுகூடும் உரிமையை மீறியது என்று 2010 அக்டோபர் 21 அன்று தீர்ப்பளித்தது. பெரும்பான்மையினர் ஏற்றால்தான் சிறுபான்மையினர் உரிமையைப் பயன்படுத்தலாம் என்று வைத்தால் அந்த உரிமைக்குப் பொருளே இல்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்; சட்ட மாணவரான நீங்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும். இருந்தும் ரஷ்யா எதிர்த்திசையிலேயே நடந்தது: 2013இல் இளையோரிடையே தன்பாலீர்ப்பைப் பற்றி நல்லவிதமாகப் பேசுவதைத் தண்டிக்கும் சட்டம் வந்தது, 2023 நவம்பரில், உலகப் பால்புதுமையர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலியோர்) இயக்கம் என ஒன்று இருப்பதாகக் கொண்டு, உச்ச நீதிமன்றம் அதைத் தீவிரவாத அமைப்பு என்றே அறிவித்தது. பாட்டுப் போட்டி ஒரு வாரத்துக்கு ஒரு சன்னலைத் திறந்து வைக்கும். விருந்தினர் கிளம்பிய பிறகு அதைத் திறந்தே வைத்திருப்பது அந்நாட்டு மக்களின் கையில்தான் இருக்கிறது.

கேள்வி (இல்லத்தரசி ஒருவர்): இத்தகைய நாடுகளில் சாதாரண மக்களும் ஆட்சியாளர்களைப் போலத்தான் எண்ணுகிறார்களா?

பதில்: இதற்கு 2014ஆம் ஆண்டின் வாக்குக் கணக்கு ஓரளவு விடை தருகிறது. அவ்வாண்டு கோபன்ஹேகனில், தாடியும் நீண்ட கூந்தலும் பெண் உடையுமாக ஆஸ்திரியாவின் கொன்சிட்டா வுர்ஸ்ட் பாடி, 290 புள்ளிகள் பெற்று வென்றார். அது டாமஸ் நொய்விர்ட் என்ற தன்பாலீர்ப்பாளர் தமக்கென அமைத்துக்கொண்ட மேடை வடிவம். அவருடைய பாடலை ஒளிபரப்பிலிருந்து வெட்டிவிட வேண்டும் என்று ரஷ்யாவிலும் பெலாருசிலும் மனுக்கள் எழுந்தன. அவ்வாண்டு பெரும்பாலான நாடுகளின் முடிவில் பாதி இசை நடுவர் குழுவுடையது, பாதி மக்களின் தொலைபேசி வாக்கு. இரண்டும் பின்னர் தனித்தனியாக வெளியிடப்பட்டன. ரஷ்ய மக்களின் வாக்கில் கொன்சிட்டாவுக்கு மூன்றாம் இடம். ரஷ்ய நடுவர்களிடம் பதினொன்றாம் இடம். ஆர்மீனியாவில் இடைவெளி இன்னும் பெரிது: மக்கள் இரண்டாம் இடம் தந்தவரை நடுவர்கள் ஏறக்குறைய அடிமட்டத்தில் வைத்ததால், அந்நாட்டிலிருந்து அவருக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. வாக்களித்தவர்கள் அப்போட்டியின் ரசிகர்கள்தான், ஊர் முழுவதும் அல்ல. ஆயினும், "எங்கள் மக்கள் இதை ஏற்கவே மாட்டார்கள்" என்று அதிகாரிகள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு பட்டியல்கள்தான் நினைவுக்கு வரும்.

கேள்வி (வாசகர் ஒருவர்): துருக்கி விலகியதும் இதனால்தானா?

பதில்: முழுவதும் அப்படிச் சொல்ல இயலாது. 2003இல் வென்ற துருக்கி, 2012க்குப் பிறகு பங்கேற்கவில்லை. முதலில் சொன்ன காரணம் வாக்கு விதிகள் பற்றியது. 2018இல்தான் அந்நாட்டு அரசு ஒலிபரப்பின் தலைவர், பாவாடை அணிந்த தாடிக்காரரைக் குழந்தைகள் விழித்திருக்கும் நேரத்தில் காட்ட முடியாது என்று பேசினார்.

கேள்வி (செய்தியாளர் ஒருவர்): நிலைமை மெல்லவேனும் மாறிய நாடு ஏதாவது உண்டா?

பதில்: செர்பியாவைப் பாருங்கள். 2001இல் பெல்கிரேடின் முதல் பேரணியில் பங்கேற்றவர்களைக் கும்பல்கள் நடுத்தெருவில் அடித்தன. 2007இல் மரியா ஷெரிஃபோவிச், கோட்டு அணிந்த ஐந்து பெண்கள் தம்மைச் சூழ்ந்து நிற்க, ஹெல்சிங்கியில் பாடி நாட்டுக்கு வெற்றி தேடித் தந்தார். ஊரே அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. அவர் தம்மைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளியில் சொல்ல 2013 வரை ஆயிற்று. அந்த மௌனத்தின் நீளத்தை நினைத்துப் பாருங்கள். 2008இல் பெல்கிரேடில் போட்டி அமைதியாக நடந்தது. 2010 பேரணியிலோ கலவரம் வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர், அவர்களில் பெரும்பாலோர் போலீசார். அடுத்த மூன்று ஆண்டுகள் தடை. 2014இல் மீண்டும் அனுமதி கிடைத்து, பலத்த காவலுக்கு நடுவே பேரணி சென்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் ஆசை அரசை நெருக்கியது உண்மைதான். ஆனால் தடைசெய்த ஒவ்வோர் ஆண்டும் மீண்டும் போய் அனுமதி கேட்டவர்கள் இல்லாமல் அந்த நெருக்குதலுக்கு வேலையே இருந்திருக்காது.

கேள்வி (அரசு ஊழியர் ஒருவர்): இது மேற்குலகம் தன் பண்பாட்டைத் திணிப்பது ஆகாதா?

பதில்: ரஷ்ய அரசு அப்படித்தான் சொல்கிறது. 2022இல் உக்ரைன் மீது படையெடுத்ததால் யூரோவிஷனிலிருந்து விலக்கப்பட்ட அந்நாடு, 2025 செப்டம்பரில் மரபு விழுமியங்களைப் போற்றுவதாகக் கூறி, இன்டர்விஷன் என்ற பழைய போட்டிக்கு மாஸ்கோவில் உயிர் கொடுத்தது. இந்தியாவும் பங்கேற்ற அப்போட்டியில் வியட்நாம் வென்றது. யார் எந்தப் போட்டியை நடத்தினாலும் அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் டானா இன்டர்நேஷனல் ஏமனிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பத்தில் டெல் அவிவில் பிறந்தவர். ஷெரிஃபோவிச் செர்பிய மொழியிலேயே பாடி வென்றவர். அலெக்செயேவ் மாஸ்கோவிலேயே பிறந்தவர், அவர் அனுமதி கேட்டதும் தம் சொந்த ஊர்த் தெருவில் நடப்பதற்குத்தான்.