முதல் பெட்டில் பிரஷர் ஏறுகிறது: வனேடியம் வினையூக்கியை மாற்றுவதா, சலிப்பதா?

கேள்வி: கந்தகத்தை எரித்து சல்ஃப்யூரிக் அமிலம் தயாரிக்கும் இரட்டை உறிஞ்சல் ஆலை எங்களுடையது. சல்பர் டை ஆக்சைடை ட்ரை ஆக்சைடாக மாற்றும் கன்வெர்ட்டரில் நான்கு பெட் (வினையூக்கி அடுக்குகள்). 18 மாதத்தில் முதல் பெட்டின் பிரஷர் டிராப் (வாயு அதைக் கடக்கையில் இழக்கும் அழுத்தம்) 120 மி.மீ. நீர் உயர அளவிலிருந்து 300-ஐத் தாண்டிவிட்டது. புகைபோக்கியில் சல்பர் டை ஆக்சைடும் கூடுகிறது. வினையூக்கி முழுவதையும் மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்வது இரண்டு தனி நோய்கள். பிரஷர் ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் தூசி. வினையூக்கி செத்துப்போனது என்று அதற்குப் பொருள் இல்லை.

வினையூக்கி சிறு வளையங்களாக வருகிறது; அவற்றில் வனேடியம் பென்டாக்சைடு 6 முதல் 9 சதவீதம்தான். மீதி பொட்டாசியம் உப்பும் டயட்டம் மண்ணும் (நுண்துளை நிறைந்த சிலிக்கா மண்). ஓடும்போது வனேடியமும் பொட்டாசியமும் சேர்ந்து உருகிய உப்பாகி மண்ணின் நுண்துளைகளில் படிந்திருக்கும். வினை நடப்பது அந்தத் திரவப் படலத்தில். கந்தகத்தின் சாம்பலும், டக்ட் அரித்து வரும் இரும்பு சல்பேட்டும் இந்தப் பசையில் ஒட்டிக்கொள்வதால்தான் பெட்டின் மேல் 10–15 செ.மீ. ஓடுபோல இறுகுகிறது.

வினையூக்கிக்கு உயிர் இருக்கிறதா என்பதை வெப்பமானியே சொல்லும். வாயுவில் ஒவ்வொரு 1 சதவீதம் சல்பர் டை ஆக்சைடு ட்ரை ஆக்சைடாக மாறும்போதும் வாயுவின் வெப்பம் சுமார் 28 டிகிரி ஏறும். 10 சதவீதம் சல்பர் டை ஆக்சைடு உள்ள வாயு 420 டிகிரியில் நுழைந்து 605-இல் வெளியேறினால் மாற்றம் சுமார் 65 சதவீதம், முதல் பெட்டுக்கு நல்ல அளவு. அதே வாயுவுக்கு ஏற்றம் 160 டிகிரியாகச் சுருங்கினால் மாற்றம் 57-க்கு வந்துவிட்டது. நுழைவெப்பத்தை 440-க்கு உயர்த்தினால்தான் வினை பிடிக்கிறது என்றாலும் மேலடுக்கு சோர்ந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

புகைபோக்கிப் பிரச்சினைக்கு முதல் பெட்டை மட்டும் குறை சொல்லாதீர்கள். அது விட்டதில் பெரும்பங்கை இரண்டாவதும் மூன்றாவதும் பிடித்துவிடும். நான் முதலில் சந்தேகப்படுவது இடை உறிஞ்சலை (மூன்றாம் பெட்டுக்கும் நான்காவதுக்கும் நடுவே ட்ரை ஆக்சைடைப் பிரித்தெடுக்கும் கட்டம்) ஒட்டிய ஹீட் எக்ஸ்சேஞ்சரை. அதில் குழாய் ஓட்டையானால் மூன்றாம் பெட்டின் வாயு நேரே நான்காவதின் நுழைவில் கலக்கும். கூடவே வரும் சல்பர் ட்ரை ஆக்சைடு சமநிலையைக் கெடுக்கும். எவ்வளவு புது வினையூக்கி போட்டாலும் பலனிருக்காது. இடை உறிஞ்சல் கோபுரத்தை விட்டு வரும் இடத்திலும் நான்காம் பெட் நுழைவிலும் மாதிரி எடுங்கள். முன்னதில் இல்லாத ட்ரை ஆக்சைடு பின்னதில் இருந்தால் ஓட்டை உறுதி.

இனி சலிக்கும் வேலை. கந்தகத்தை நிறுத்தியதும், பெட் 400 டிகிரிக்கு மேல் இருக்கும்போதே, உலர்ந்த காற்றை 8 முதல் 12 மணி நேரம் ஊதுங்கள். துளைகளில் ட்ரை ஆக்சைடு தங்கினால் குளிரும்போது ஈரத்தை இழுத்து அமிலமாகி, வளையம் ஊறிப் பொடியும். பெட்டைச் சூடாக்க டீசல் எரிந்த புகையை நேரடியாக விடவே கூடாது, அதில் தண்ணீர் இருக்கிறது. குளிர வைப்பதும் உலர்ந்த காற்றால்தான். மழை நாளில் மேன்ஹோலைத் திறந்து வைக்காதீர்கள்.

மேலே இறுகிய அடுக்கைத் தனியே அள்ளி ஒதுக்குங்கள். மீதியை வேக்குவம் வைத்து உறிஞ்சி, 12 மி.மீ. வளையமென்றால் சுமார் 6 மி.மீ. சல்லடையில் மெதுவாகச் சலியுங்கள். 10–15 சதவீதம் தூளாகப் போகும்: 20,000 லிட்டர் பெட்டுக்கு 3,000 லிட்டர் புதுச் சரக்கு முன்கூட்டியே கையில் இருக்கட்டும். சலித்ததைக் கீழேயும் புதியதை மேலேயும் போடுங்கள். பணம் இடம் கொடுத்தால் மேலடுக்குக்குச் சீசியம் கலந்த வகையை வாங்கலாம். 370 டிகிரியிலேயே பிடித்துக்கொள்ளும். முதல் பெட்டில் சூடு தின்ற சரக்கை நான்காவதில் கொட்டுவது பழைய சிக்கனம், அதைச் செய்யாதீர்கள். குறைந்த வெப்பத்தில் வேலை வாங்கும் அந்தப் பெட்டுக்குத்தான் கூர்மையான வினையூக்கி தேவை.

உள்ளே இறங்குபவர்களுக்குத் துணி மாஸ்க் போதாது; காற்றுக் குழாயுடன் முழுமுக மாஸ்க் வேண்டும். வனேடியத் தூசி மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும், நாக்கு பச்சையாகும். ஒதுக்கிய தூளும் இறுகிய அடுக்கும் அபாயக் கழிவு: 2016 அபாயக் கழிவு விதிகளின்படி மூடிய டிரம்மில், கணக்கோடு, அனுமதி பெற்றவரிடமே போக வேண்டும்.

ஸ்டார்ட்-அப்புக்கு முன் கந்தக ஃபில்டரைப் பாருங்கள். உருகிய கந்தகத்தில் சாம்பல் 10–20 பி.பி.எம்-க்கு (பத்து லட்சத்தில் 10–20 பங்கு) மேல் இருந்தால், இதே கேள்வியை அடுத்த வருடமும் கேட்பீர்கள்.